கட்டிலோரத்தில் ஒரு நுழைவுத் தேர்வு

காரக்கோணம் மருத்துவக் கல்லூரியின் பெயர்ப் பலகையில் ஒரு மலையேறி இருக்கிறார். டாக்டர் சாமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி என்பது அதன் முழுப் பெயர். கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில், குன்னத்துகால் பஞ்சாயத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் 2002இல் தொடங்கப்பட்டது. தினமும் அந்தப் பலகையைக் கடந்து போகும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அவர் கதை தெரியும் என்பது சந்தேகம்தான்.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த பிரிட்டிஷ் குழுவில் ஒருவர். முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்த சர்ஜன். மலையிலிருந்து இறங்கியதும் நேரே கப்பல் ஏறாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். கடைசியில் வந்து சேர்ந்த இடம் அன்றைய தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி. வாசலில் நோயாளிகளின் வரிசை. உள்ளே தகுதி பெற்ற சர்ஜன் ஒரே ஒருவர். லண்டனில் நல்ல ஆஸ்பத்திரி வேலை காத்திருக்க, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டே நெய்யூருக்கு வந்துவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்ட் போனார். ஆக்சிஜன் உருளை இல்லாமல் 28,000 அடியை நெருங்கி, தொண்டை அடைத்து, உயிர் தப்பித் திரும்பினார். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் நெய்யூரில் சர்ஜன். அதன்பின் வேலூர் சி.எம்.சி.யில் மாணவர்களுக்குப் பாடம்.

அவர் அன்று நெய்யூரில் செய்ததற்கு இன்று 'அப்சர்வர்ஷிப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பப் படிவம் உண்டு. சில இடங்களில் கட்டணமும் உண்டு. சாமர்வெல்லுக்குச் சான்றிதழ் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

நெய்யூருக்கு இந்தப் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. 1838இல் தொடங்கிய மருத்துவ மிஷன் அது. 1860களில் டாக்டர் ஜான் லோ அங்கே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்திய வகுப்பு நடத்தினார். ஆஸ்பத்திரியிலேயே பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள் பிறகு சுற்று வட்டாரக் கிளை மருந்தகங்களுக்குப் பொறுப்பேற்றார்கள். 1956 நவம்பர் 1இல் மொழிவழி எல்லை போட்டபோது நெய்யூர் சென்னை ராஜ்யத்துக்குப் போனது. தமிழர்கள் கேட்டும் கிடைக்காத நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு காகிதத்தில் விழுந்ததே தவிர, நோயாளிகள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்த ஆஸ்பத்திரி பக்கமோ, எந்த டாக்டர் கைராசிக்காரரோ, அங்கே போகிறார்கள்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் இன்று அதே கல்லூரிக்குள் நுழைய வேண்டுமானால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து 180 கேள்விகளுக்கு விடை குறிக்க வேண்டும். மொத்தம் 720 மதிப்பெண். இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒரு நோயாளியின் கட்டில் பக்கத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்ததுண்டா என்ற கேள்வி அதில் கிடையாது. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்வதற்கில்லை. அப்படிக் கேட்டால் அதற்கும் ஒரு கோச்சிங் சென்டர் முளைத்துவிடும்.

ஆனால் வேறு நாடுகளில் கேட்கிறார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் விண்ணப்பதாரர் எங்கே தொண்டு செய்தார், எந்த டாக்டருடன் கூட இருந்து பார்த்தார் என்று விசாரிக்கின்றன. ஜெர்மனியில் இன்னும் கறார். அங்கே மருத்துவ மாணவர் முதல் அரசுத் தேர்வு முடிப்பதற்குள் மூன்று மாதம் வார்டில் நர்சிங் வேலை செய்திருக்க வேண்டும். படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் அதில் அடங்கும். நம் ஊரில் டாக்டர் மகன் டாக்டருக்குப் படிக்கப் போகும்போது யாராவது பெட்பேன் எடுக்கச் சொன்னால் குடும்பமே கோபித்துக்கொள்ளும்.

இந்தியாவில் இந்த அறிமுகம் படிப்புக்கு உள்ளேதான் கிடைக்கிறது, அதுவும் தாமதமாக. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு 12 மாதக் கட்டாய இன்டர்ன்ஷிப் கடைசியில் வருகிறது. டி.பார்ம். மாணவருக்கு 500 மணி நேரப் பயிற்சி. நர்சிங்கில் கடைசி செமஸ்டர். 2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் தொடக்கத்திலேயே ஒரு மாத அறிமுக வகுப்பும், நோயாளியிடம் பேசுவது எப்படி, ஒழுக்கம் என்ன என்ற பாடமும் சேர்க்கப்பட்டன. பின்னர், கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்பு முழுக்கக் கவனிக்கும் திட்டமும் வந்தது. நல்லவைதான். ஆனால் இவையெல்லாம் சீட் வாங்கிய பிறகு. நகையை அடகு வைத்தோ, ரப்பர் நிற்கும் நிலத்தை ஈடு கொடுத்தோ முதல் தவணை கட்டியாயிற்று. அப்புறம்தான் அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ ரத்தமும் சீழும் ஆகாது, அல்லது டாக்டர் வேலையைவிட பிசியோதெரபிதான் மனசுக்குப் பிடிக்கிறது என்று தெரிகிறது. திரும்பி வர வழி இருந்தாலும் வீட்டில் சொல்ல வாய் வராது.

இதற்கு முன்கூட்டியே ஒரு சோதனை வேண்டும் என்றால், குன்னத்துகால்காரர்கள் தொலைவு போக வேண்டியதில்லை. பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று விசாரித்தால் போதும்.

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானவர்கள் வலி நிவாரண கிளினிக் ஒன்றைத் தொடங்கினார்கள். குணப்படுத்த முடியாத நோயாளிக்கு வலியைக் குறைப்பது, புண்ணைச் சுத்தம் செய்வது, குடும்பத்துக்குத் துணை நிற்பது, இவ்வளவுதான் நோக்கம். விரைவிலேயே ஒன்று புரிந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. வீட்டுக்குப் போக டாக்டர்கள் போதாது. அதனால் அக்கம்பக்கத்து மனிதர்களையே பழக்கினார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த எவரும் சேரலாம். 16 மணி நேர வகுப்பு, பிறகு நான்கு நாள் அனுபவசாலிகளுடன் நேரடிப் பயிற்சி. ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆட்டோ டிரைவர், கல்லூரி மாணவி என்று பலதரப்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. பஞ்சாயத்துகள் நர்சை வைத்து, வண்டி ஏற்பாடு செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து வீட்டு வைத்தியம் நடத்தும் முறை மாநிலம் முழுக்கப் பரவியது. ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. குன்னத்துகாலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

ஒரு நாள் நர்சுடன் போகும் மாணவி என்ன பார்ப்பாள்? முதல் வீட்டில் பக்கவாதத்தில் விழுந்த கிழவர். இடுப்பில் படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் புண் வராது என்று நர்ஸ் சொல்வார். மனைவிக்கும் அது தெரியும். அவருக்கும் எழுபது வயது, புரட்ட வலு இல்லை, அவ்வளவுதான். அடுத்த வீட்டில் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். அதற்கடுத்த வீட்டில் புற்றுநோய், மார்ஃபின் மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று சொல்லியிருந்தும் 'பழகிவிடும்' என்று பயந்து மகன் ஒளித்து வைத்திருப்பார். அந்தப் பயத்தைப் போக்குவதில்தான் நர்சுக்கு அரை மணி நேரம் போகும். நாற்றம் வரும். அதைக் கண்டு முகம் சுளிக்காமல் நிற்க முடிகிறதா என்பது எந்த மாடல் டெஸ்டிலும் தெரியாத விஷயம். 'எப்போ சரியாகும்?' என்று நோயாளி கேட்பார். நர்ஸ் பொய்யும் சொல்ல மாட்டார், நெஞ்சில் குத்துகிற மாதிரியும் சொல்ல மாட்டார். அந்த ஒரு பதிலைக் கேட்பதற்காகவே கூடப் போகலாம்.

மாணவி செய்யக்கூடியது சிறியதுதான். பையைத் தூக்கலாம். ரத்த அழுத்த எண்ணை நோட்டில் எழுதலாம். கிழவரின் மனைவியை அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்துப் பேசலாம். பென்ஷன் மனுவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். பேப்பர் படித்துக் காட்டலாம். அடுத்த வாரமும் வருவேன் என்று சொன்னால் வர வேண்டும். நோயாளிகள் காலண்டரில் கோடு கிழித்துக் காத்திருப்பார்கள். பரீட்சை வந்துவிட்டது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லைப் பகுதி மாணவர்களுக்கு இன்னொரு கையிருப்பும் இருக்கிறது. மொழி. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. திருநெல்வேலியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ காரக்கோணத்துக்குப் படிக்க வந்த மாணவரைக் கேட்டால் தெரியும். நோயாளி 'பனி' என்கிறார். தமிழ் மாணவர் மார்கழியை நினைக்கிறார். மலையாளத்தில் அது காய்ச்சல். தமிழ்ப் பாட்டி 'வலி' என்று சொன்னால் மலையாள நர்சின் காதில் 'வலிவு' என்று விழக்கூடும். அது மூச்சு இளைப்பு. நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சொன்னாலும் சந்தேகம் தீராது, இரண்டும் நெஞ்சில் வரக்கூடியவைதான். தலைசுற்றல் அங்கே 'தலகறக்கம்'. நோவு என்ற சொல் மட்டும் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஏராளம். சீட்டு எழுதும் கவுண்டரில் தொடங்கி மருந்து வாங்கும் ஜன்னல் வரை அவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டு மொழி தெரிந்த ஒரு ஆள். இந்த வேலைக்கு உயிரியலில் நூற்றுக்கு நூறு வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். பயப்படுவாரே என்று குறைத்தும் சொல்லக்கூடாது, தன் யோசனையைச் சேர்த்தும் சொல்லக்கூடாது. வீட்டுக்காரர்களை மொழிபெயர்க்கச் சொல்லும்போது நடப்பது பெரும்பாலும் இந்தக் குளறுபடிதான்.

எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ளவர்களுக்கு 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு கொடுக்கும் திட்டம் இது. நர்சும் பிசியோதெரபிஸ்ட்டும் படுக்கை நோயாளிகளைத் தேடிப் போகிறார்கள். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் தெருத் தெருவாக நடக்கிறார்கள். அவர்களுடன் ஒரு நாள் நடந்து பார்ப்பதற்கு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்க வேண்டும். கொடுப்பார்களா என்பது அலுவலரைப் பொறுத்தது. பள்ளித் தலைமை ஆசிரியரின் கடிதமும் பெற்றோர் கையெழுத்தும் கொண்டு போனால் காரியம் எளிதாகலாம். கல்லூரியில் சேர்ந்துவிட்டவர்களுக்கு என்.எஸ்.எஸ். என்ற கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 1969 செப்டம்பர் 24இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். கோயில் குளத்தைத் தூர் வாரிப் படம் எடுத்துக்கொண்டு கணக்கை முடிப்பவர்கள் உண்டு. அதே மணி நேரத்தை ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவில் செலவிடவும் திட்ட அலுவலர் மனம் வைத்தால் முடியும்.

சற்று அதிக நாள் ஒதுக்க முடிகிறவர்களுக்கு, குறிப்பாக எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புக்கு முன் மூச்சு வாங்குகிறவர்களுக்கு, தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரச் சிட்டிலிங்கி இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே குடிசையில் தொடங்கிய வைத்தியம் இன்று ஆஸ்பத்திரியாக நிற்கிறது. பழங்குடிப் பெண்களையே நர்சுகளாகப் பழக்கினார்கள். கூடலூரில் அஸ்வினி அமைப்பின் பழங்குடியினர் ஆஸ்பத்திரியும் இதே வகை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங் இளைஞர்களுக்காக 2006இல் 'நிர்மாண்' என்ற முகாமைத் தொடங்கினார். இங்கெல்லாம் எடுத்தவுடன் யாருக்கும் ஸ்டெதாஸ்கோப் கொடுத்துவிடுவதில்லை. வந்தவர் எத்தனை நாள் தங்குவார் என்று முதலில் பார்க்கிறார்கள். மூன்று நாளுக்கு வந்து போகிற விருந்தாளிகளால் அவர்களுக்கு வேலைதான் கூடுகிறது.

இதில் ஒரு கள்ளச் சந்தையும் உண்டு. கட்டணம் கட்டினால் 'கிளினிக்கல் இன்டர்ன்ஷிப்' என்று பளபளப்பான சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. சிலவற்றில் கம்ப்யூட்டர் திரையில் நான்கு வீடியோ பார்த்தால் போதும். இன்னும் சில இடங்களில் ஆபத்து வேறு வகை. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, பிளஸ் டூ முடித்த பையனிடம் ஊசியைக் கொடுத்து 'போடு, பயப்படாதே' என்கிறார்கள். பையனுக்குப் பெருமை. ஊசி வாங்கும் நோயாளியிடம் யாரும் கேட்பதில்லை. கோடை விடுமுறைக்கு இந்தியா வரும் அமெரிக்கத் தமிழ்ப் பிள்ளைகளும் உறவினர் நடத்தும் நர்சிங் ஹோமில் தையல் போட்டுப் பார்த்துவிட்டு அதை விண்ணப்பத்தில் எழுதுவதுண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2011லேயே இதற்கு நெறிமுறை வெளியிட்டது. தகுதியில்லாத மாணவர் வெளிநாட்டில் நோயாளி மேல் கை வைப்பது தவறு, அது சேர்க்கை வாய்ப்பையே கெடுக்கலாம் என்பது அதன் சாரம். அந்த ஊரில் செய்யக்கூடாததை இந்த ஊரிலும் செய்யக்கூடாது. பார்ப்பதற்கு வந்தவர் பார்க்கலாம்.

படிப்பின் அங்கமான இன்டர்ன்ஷிப் வேறு கதை. அங்கே இளம் டாக்டர் இரவும் பகலும் உழைக்கிறார். உழைப்புக்கு உதவித்தொகை உண்டு என்று விதி இருக்கிறது. ஆனால் பல கல்லூரிகள் கொடுப்பதில்லை, அல்லது கொடுத்துவிட்டு வேறு கணக்கில் திரும்ப வாங்கிக்கொள்கின்றன என்று புகார்கள் நெடுநாளாக உண்டு. 2023இல் உச்ச நீதிமன்றம் டெல்லியில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரி ஒன்றின் இன்டர்ன்களுக்கு மாதம் 25,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அந்த வழக்கில்தான் நாட்டின் பல கல்லூரிகள் இந்தத் தொகையைத் தருவதில்லை என்ற விவரமும் நீதிமன்றத்தின் முன் வந்தது. சேரும் முன் சீனியர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. தொண்டுக்கும் சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்கள் சீக்கிரமே தெரிந்துகொள்வது நல்லது. தொண்டர் வராவிட்டால் வார்டு நடக்கும். இன்டர்ன் வராவிட்டால் பல ஆஸ்பத்திரிகளில் நடக்காது.

நோயாளியின் படத்தை செல்போனில் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறவர்களை எந்த பாலியேட்டிவ் குழுவும் இரண்டாம் முறை சேர்ப்பதில்லை. குன்னத்துகால் மாதிரி ஊரில் பெயரைச் சொல்லாவிட்டாலும் 'ரோட்டு மேல் மூன்றாவது வீடு' என்றால் யாரென்று தெரிந்துவிடும். பார்த்ததை வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லக்கூடாது என்பது பதினேழு வயதில் கடினமான பாடம்தான். அம்மாவுக்கு அந்த வீட்டுக்காரியைத் தெரிந்திருக்கும் என்பதால் இன்னும் கடினம்.

போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான். ரத்தம், சீழ் படக்கூடிய இடத்துக்குப் போகிறவர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குழந்தையில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டலாம். போடாதவருக்கு மூன்று ஊசி. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. தப்பித் தவறி ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி உடனே நர்சிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பிளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரலில் வீடு வீடாகப் போக நினைக்கும் மாணவி, முதல் ஊசியை முந்தின செப்டம்பரில் போட்டிருந்தால் கணக்கு சரியாக வரும்.